யார் கணக்கில் பிறந்தோம்?



இந்த மேடை யாருடைய நினைவில் போடப்பட்டிருக்கிறதோ, அந்தப் பெரியவர் இறந்த நாளை அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறோம். பிறந்த நாளை அச்சிடவில்லை. அச்சகத்தில் கேட்டார்கள், நாம் வீட்டாரிடம் கேட்டோம். பள்ளிச் சான்றிதழில் ஜூன் மாதத்துக்குச் சற்று முந்தைய ஒரு தேதி இருக்கிறது. ஐந்து வயது நிரம்பியதாகக் காட்டத் தலைமையாசிரியர் போட்ட தேதி அது. நம் பெற்றோரில் பாதிப் பேர் இப்படி மே மாதத்தில் பிறந்தவர்கள். மீதிப் பேர் ஆதார் அட்டை வந்த பிறகு ஜனவரி முதல் தேதியில் பிறந்தவர்கள். பெரியவரின் தாயார் சொல்லிவந்த கணக்கு வேறு: ஏரி உடைந்த வருஷம், அறுப்புக்கு முன்னால். அதை அழைப்பிதழில் போட முடியாது என்று நாமே முடிவு செய்துவிட்டோம். போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இவ்வாண்டு இந்தப் பொருளை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணம் பெரும்பாக்கம். சென்னையின் ஆற்றங்கரைகளிலிருந்தும் கால்வாய் ஓரங்களிலிருந்தும் அகற்றப்பட்டவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இங்கே நிற்கின்றன. அதில் ஒரு மாடியில் குடியிருக்கும் அக்கா ஒருவர் நம்மைத் தேடி வந்தார். மகன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறான். தாயைத் தன்னோடு வைத்துக்கொள்ள, அந்த நாட்டின் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பம் போடுகிறான். அவர்கள் கேட்ட முதல் தாள் தாயின் பிறப்புச் சான்றிதழ். அக்கா பிறந்தது அடையாற்றுக் கரைக் குடிசையில், மருத்துவச்சி கையில். நாம் யோசிக்காமல், “வெள்ளத்துல போயிடுச்சாக்கா?” என்று கேட்டுவிட்டோம்.

“வெள்ளத்துல போனது ரேஷன் கார்டு, வோட்டர் ஐடி, பையனோட மார்க் ஷீட்டு. இது போகல தம்பி. இது இருந்ததே இல்ல” என்றார்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அரசு சிறப்பு முகாம்கள் நடத்தித் தொலைந்த ஆவணங்களுக்கு நகல் கொடுத்தது. நல்ல வேலைதான், நாமும் அந்த வரிசைகளில் நின்று படிவம் நிரப்பிக் கொடுத்தோம். ஆனால் நகல் என்றால் அசல் ஒன்று முன்பு இருந்திருக்க வேண்டும். அசலே இல்லாதவர் எந்த மேசைக்குப் போவது?

இதே கேள்வியை ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானவர்களிடம் ஓர் அரசு கேட்டது உண்டு. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன், இலங்கையின் மலைத் தோட்டங்களில். கேட்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் பறையர், பள்ளர், சக்கிலியர். நம் சேரிகளிலிருந்து போனவர்கள். அதைக் குடியுரிமைச் சட்ட வரலாறாக எழுதியிருக்கிறார்கள், தொழிற்சங்க வரலாறாக எழுதியிருக்கிறார்கள், இரு நாட்டு உறவின் வரலாறாகவும் எழுதியிருக்கிறார்கள். சேரியின் வரலாறாகவும் அதைப் படிக்க வேண்டும் என்பதுதான் இங்கே நாம் சொல்ல வந்தது.

தொடங்குவதற்கு மலைக்குப் போக வேண்டியதில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இந்தப் பழைய செங்கல்பட்டு மாவட்டமே போதும். 1891இல் இதன் ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர், பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். 1892 செப்டம்பர் அரசாணையும் பஞ்சமி நிலமும் அதன் வழியாக வந்தவை என்பதை இந்த அவைக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அறிக்கையில் நிலத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அதில் வீட்டு மனையும் இருக்கிறது. சேரிக் குடிசை நின்ற மண்கூட மிராசுதாரர் பிடியில் இருந்தது. கூலி கூடக் கேட்டால், சொல் கேளாமல் போனால், குடிசையைக் காலி செய் என்று சொல்லலாம். தலைமுறை தலைமுறையாக ஒரே இடத்தில் வாழ்ந்தவரால் அங்கே வாழ்வதற்கு ஆதாரம் காட்ட முடியாது. ஆதாரம் என்று ஒன்று இருந்தால் அது மிராசுதாரர் வீட்டுக் கணக்கில் இருந்தது.

பிறப்பு இறப்புப் பதிவும் கிராமத்தில் முன்சீப்பின் கையில் இருந்த வேலை. ஊரில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஓடிப்போய்ச் சொன்னவர்கள் நாம். அடுத்தவர் சாவை ஊர் ஊராகச் சுமந்து சொன்ன சாதிக்குத் தன் பிள்ளை பிறந்ததைப் பதிவேட்டில் ஏற்ற வழி தெரியவில்லை. தெரிந்தாலும் முன்சீப் வீட்டுத் திண்ணைவரை போக முடியவில்லை.

இந்த மாவட்டத்திலிருந்தும் வட ஆற்காட்டிலிருந்தும் நம்மவர்கள் நேட்டாலுக்குக் கப்பலேறினார்கள். முதல் கப்பலான ட்ரூரோ 1860இல் சென்னையிலிருந்து புறப்பட்டது. நேட்டால் கப்பல் பட்டியல்களில் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடம்பில் உள்ள தழும்பு எல்லாம் உண்டு. கூலிக்காரன் ஓடிவிட்டால் பிடிப்பதற்காக எழுதியவை. இன்று தென்னாப்பிரிக்காவில் ஓசிஐ அட்டை கேட்கும் கொள்ளுப்பேரர்கள் அந்தப் பட்டியலில்தான் தாத்தாவின் தாத்தாவைத் தேடுகிறார்கள். சாதி என்ற கட்டத்தில் ‘பறையா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் இருக்கலாம். அந்தக் கட்டம் இருந்ததால்தான் அவருடைய பெயரும் இருக்கிறது.

இலங்கைக்குப் போனவர்களுக்கு அந்த எழுத்தும் இல்லை. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ராமநாதபுரம் பக்கத்துச் சேரிகளிலிருந்து கங்காணியின் பின்னால், கங்காணியிடம் வாங்கிய கடனோடு போனார்கள். தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை காடு வழியே நடந்தார்கள். நடந்தவர்கள் எத்தனை பேர், வழியில் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று பெயர் சொல்லி எழுதிய பட்டியல் கிடையாது. அந்த வழியில்தான் 2023இல், மலையகத்துக்கு இருநூறு ஆண்டு என்று சொல்லி, பேரப்பிள்ளைகள் மீண்டும் நடந்தார்கள்.

மலையில் ஏறிய பிறகு தாள்கள் வந்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட முதலாளிகள் தகர டிக்கெட் கொண்டுவந்தார்கள். தோட்டத்துக்கும் ஆளுக்கும் எண் பொறித்த சிறு வில்லை. அதைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தவரை எந்தத் தோட்டத்துக்கு ஏற்றுவது என்று வழியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு முன்பிருந்தே ‘துண்டு’ இருந்தது. ஒரு கங்காணியின் ஆட்களைக் கடனைத் தீர்த்தால் விடுவிப்பதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலே செக்ரோல். காலையில் பெரட்டுக் களத்தில் நின்றால் பேர் விழும். தாமதமாக வந்தால், கொழுந்து குறைந்தால், அரைப்பேர். நாளொன்றுக்கு ஒரு மனுஷியின் பெயரைப் பாதியாக வெட்டும் கணக்கு அது.

எழுத்தில்லாத மக்கள் என்று மலையகத்தாரைச் சொல்வது தவறு. அந்தக் காலத்தில் உலகில் அவர்களைப் போல் நாள் தவறாமல் எழுதப்பட்டவர்கள் குறைவு. தோட்டத்தில் குழந்தை பிறந்தால் அதைப் பதிவுக்குத் தெரிவிக்கும் பொறுப்பு துரையுடையது. அரிசி அளக்கக் குடும்பத்தில் எத்தனை வாய் என்று கணக்கப்பிள்ளைக்குத் தெரியும். கங்காணிக்குக் கடன் வழியாகத் தெரியும். எழுதியவர்கள் வேறு, எழுதப்பட்டவர்கள் வேறு. எழுதிய புத்தகம் ஆபீசில் இருந்தது, லயத்தில் இல்லை.

இந்த நிலையில்தான் 1948 வந்தது. இலங்கை சுதந்திரம் பெற்ற ஆண்டே இயற்றிய 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம், அந்த நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது என்றது. தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தன் பிறப்புக்கே தாள் இல்லாதவர் பாட்டனுக்கும் பூட்டனுக்கும் காட்ட வேண்டும். தாய் வழியைச் சட்டம் கேட்கவே இல்லை. கொழுந்து பறித்துத் தோட்டத்தை நிறுத்தியவர்கள் பெண்கள் என்பதை நினைத்துக்கொள்வோம்.

அதே சட்டத்தில் நாம் பலமுறை திரும்பிப் படித்த ஒரு பிரிவு உண்டு. பெற்றோர் யாரென்று தெரியாமல் கைவிடப்பட்டுக் கிடக்கும் பச்சிளங்குழந்தை, மாறாக நிரூபிக்கப்படும் வரை, வம்சாவளிக் குடிமகனாகவே கருதப்படும். நல்ல பிரிவுதான். ஆனால் விளைவைப் பாருங்கள். நுவரெலியாவில் பாதையோரம் கிடந்த குழந்தை இலங்கைப் பிரஜை. லயத்தில் தாயும் தகப்பனும் பெயர் வைத்து வளர்த்த குழந்தை அந்நியன்.

அடுத்த ஆண்டு இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் வந்தது. வதிவாளர் என்ற சொல்லே நம் பேச்சுக்கு உரியது: குடியிருக்கிறவர், ஆனால் குடியானவர் அல்லர். திருமணமானவர்கள் 1946 ஜனவரி 1க்கு முன் ஏழு ஆண்டு, ஆகாதவர்கள் பத்து ஆண்டு, இலங்கையில் இடைவிடாமல் வசித்ததாகக் காட்ட வேண்டும். மனைவி மக்கள் உடன் வசித்ததையும், பிழைப்புக்கு உறுதியான வருமானம் இருப்பதையும் காட்ட வேண்டும். இரண்டு ஆண்டு கெடு. 1951 ஆகஸ்ட் 5இல் முடிந்தது.

இலங்கை இந்தியக் காங்கிரஸ் தொடக்கத்தில் இதைப் புறக்கணிக்கச் சொன்னது. விண்ணப்பம் போடுவதே ‘நான் அந்நியன்’ என்று ஒப்புக்கொள்வதாகும் என்ற வாதம் நியாயமானது. ஆனால் கெடுவின் நாட்கள் லயத்துக்காரருக்கு எதிராக ஓடிக்கொண்டிருந்தன. பிறகு முடிவை மாற்றிக்கொண்டபோது விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள். குடும்பத்தாரோடு சேர்த்து எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள்.

ஒரு குடும்பத்தின் விசாரணையைக் கற்பனை செய்து பார்க்கலாம். செக்ரோலில் கணக்கப்பிள்ளை எழுதியது ராமாயி. வீட்டில் கூப்பிடுவது சின்னப்பொண்ணு. புருஷன் விண்ணப்பத்தில் சொன்னது ராமலட்சுமி. மூன்றும் ஒருத்திதான் என்பதற்கு யார் சாட்சி? பழைய கங்காணி இறந்துபோயிருப்பார். முந்தைய தோட்டத்துச் செக்ரோலைத் தரத் துரைக்கு மனம் வர வேண்டும். ஊரில் தாய் செத்ததற்குப் போய், காய்ச்சலில் படுத்து, ஓராண்டுக்கு மேல் தங்கிவிட்டிருந்தால் ‘இடைவிடாமல்’ என்பது அறுந்துபோகும். சேரியில் சாவுக்குப் போகாமல் இருக்க முடியுமா? போனதற்கு மட்டும் மண்டபம் முகாமில் பதிவு இருக்கும்.

விசாரணைகள் பத்தாண்டுக்கு மேல் நீண்டன. கடைசியில் குடியுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. அதற்குள் வாக்குரிமையும் போயிருந்தது. 1947 தேர்தலில் மலையகம் ஏழு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தது. 1952இல் ஒருவர்கூட இல்லை.

இலங்கை தள்ளிவிட்டது, இந்தியா ஏற்றுக்கொண்டதா? அம்பேத்கரின் தலைமையில் வரைந்த நம் அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினருக்குக் கதவைத் திறந்துதான் வைத்தது. தானோ, தாய் தந்தையோ, பாட்டன் பாட்டியில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் போதும். அங்கிருக்கும் இந்தியத் தூதரகத்தில் பதிந்துகொள்ளலாம். இலங்கைச் சட்டத்தைவிட எவ்வளவோ பெருந்தன்மையானது. தாய் வழியையும் ஏற்றது. ஆனால் இங்கும் பிறப்பு வந்து நின்றது. பாட்டி பிறந்தது துறையூர்ப் பக்கத்துச் சேரியில் என்றால், அதை யார் எழுதி வைத்தார்கள்? அக்கரையில் அப்பன் பிறந்ததற்குத் தாள் இல்லை. இக்கரையில் பாட்டி பிறந்ததற்குத் தாள் இல்லை. கடல் நடுவில் நாடற்றவர்கள் என்று ஒரு புதுச் சாதி உருவானது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பாகப்பிரிவினையில் மாடு பிரிப்பதற்குக்கூட மாட்டின் பல்லைப் பார்ப்பார்கள். இங்கே யாரையும் கேட்கவில்லை. கேட்டபோது என்ன நடந்தது தெரியுமா? இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கீட்டைவிடக் குறைவு. இலங்கைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கீட்டைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

வந்தவர்கள் குடும்ப அட்டை என்ற ஒரு தாளோடு, ராமானுஜம் கப்பலில் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். பலருக்கு அதுதான் தம் பெயர் எழுதிக் கையில் கிடைத்த முதல் தாள். மண்டபத்திலிருந்து நீலகிரித் தேயிலைக்கும் நூற்பாலைகளுக்கும் ஊர் தெரியாத ஊர்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கேட்டபோது, “உங்க பாட்டன் எந்த ஊரு?” என்ற கேள்வி திரும்ப வந்தது. கூடலூர், கோத்தகிரிப் பக்கம் பெரியவர்களிடம் பேசிப் பாருங்கள். சாதியின் பெயரால் அடிப்பதற்கு எந்தச் சான்றும் கேட்காத நாடு, சாதியின் பெயரால் படிப்பதற்கு மூன்று தலைமுறைச் சான்று கேட்டது.

1984இல் கப்பல் நின்றது. 1983 கலவரத்துக்குப் பிறகு வந்த மலையகத்தார் அகதிகளாக வந்தவர்கள். முகாம்களில் ஈழத் தமிழர்களோடு சேர்த்து எண்ணப்பட்டார்கள். இந்தியா எடுத்துக்கொள்வதாகக் கையெழுத்திட்ட மக்களிலேயே ஒரு பகுதியினர் இந்தியாவில் அகதிகள். இலங்கையில் தங்கிவிட்டவர்களின் நாடற்ற நிலையை 2003ஆம் ஆண்டுச் சட்டம் பெரும்பாலும் தீர்த்தது. இங்கே, 2021இல் ‘அகதிகள் முகாம்’ என்பதை ‘மறுவாழ்வு முகாம்’ என்று தமிழ்நாடு அரசு மாற்றியது. 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கையின் பெயரே இல்லை. 2019 ஜூனில், கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களிலிருந்து வந்த இந்திய வம்சாவளியினர் 65 பேரின் வழக்கில், அவர்களுடைய குடியுரிமை விண்ணப்பங்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது.

அதைவிட நம்மை யோசிக்க வைத்தது 2022 ஆகஸ்டில் அதே கிளை தீர்த்த ஒரு பாஸ்போர்ட் வழக்கு. வழக்குத் தொடுத்த பெண் 1986இல் மண்டபம் முகாமில் பிறந்தவர். அவரிடம் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. 1987 ஜூலைக்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியக் குடியர் என்று நம் 1955ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இருந்தும் பாஸ்போர்ட் மறுத்தார்கள். நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கிடைத்தது. இத்தனை நேரம் தாள் இல்லாததைப் பற்றிப் பேசிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. தாள் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நம் இளைஞர்களிடம் நாம் சொல்லக்கூடாது. 2025 செப்டம்பரில் மத்திய அரசு, 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிந்துகொண்ட இலங்கைத் தமிழ் அகதிகளுக்குப் பாஸ்போர்ட், விசா இல்லாத குற்றத்திலிருந்து விலக்கு அளித்தது. இருப்பது குற்றமில்லை என்று ஆனது. குடியுரிமை அது அல்ல.

மலேசியத் தோட்டங்களிலும் இதே கதை வேறு நிறத்தில் உண்டு. அங்கே குடிமக்களுக்கு நீல அடையாள அட்டை, நிரந்தர வசிப்புரிமை மட்டும் உள்ளவர்களுக்குச் சிவப்பு அட்டை. அந்த மண்ணிலேயே பிறந்து, தாய் தகப்பன் பதியாமல் விட்டதால், கிழவயதுவரை சிவப்பு அட்டையோடு வாழ்ந்த தமிழர்கள் இருக்கிறார்கள். 2011இல் அரசே ‘மை டஃப்தார்’ என்ற பெயரில் பதிவு இயக்கம் நடத்த வேண்டி வந்தது. ரப்பர் தோட்டத்திலும் எழுதுகோல் கிராணியின் காதில்தான் செருகியிருந்தது.

இனி நம் ஊர். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. 2023இல் அதைத் திருத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர, வாக்காளர் பட்டியலில் ஏற, பாஸ்போர்ட் எடுக்க, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே ஆதாரம். தலைமையாசிரியர் போட்ட மே மாதத் தேதிகளுக்கு இனி இடமில்லை. இப்போது பிரசவம் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான், தாளும் அங்கேயே பதிவாகிவிடுகிறது என்று சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பெயர் சேர்க்காமல் கிடக்கும் சான்றிதழ்கள் இந்தக் கட்டடங்களில் எத்தனை வீட்டில் இருக்கின்றன என்று நம் மன்றத்துப் பெண்கள் மாடி மாடியாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். ‘ஆண் குழந்தை’, ‘பெண் குழந்தை’ என்று மட்டும் எழுதிய தாள்கள். வீட்டு முகவரி என்ற இடத்தில், இடித்துத் தள்ளிய கரையின் பெயர்.

அக்காவின் விண்ணப்பத்துக்கு வருவோம். பதிவு இல்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு, பதிவின்மைச் சான்று. அதை வாங்கி, பிறப்பை நேரில் அறிந்த மூத்தவர்கள் இருவர் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்தால் சில நாடுகள் ஏற்கின்றன. பதிவேட்டைப் புரட்டி அக்காவின் பெயர் எங்கேயும் இல்லை என்று முத்திரை குத்தி வாங்க நமக்கு நான்கு மாதம் ஆனது. சாட்சிக்கு ஒருவராக அக்காவின் பெரியம்மாவைக் கூட்டிப் போனோம். எண்பது தாண்டியவர். குழந்தை விழுந்தபோது விளக்குப் பிடித்தவர். எழுதுகிறவர் அவருடைய வயதுக்கு ஆதாரம் கேட்டார். ஆதார் அட்டையை நீட்டினோம். அதில் பெரியம்மா அக்காவைவிட ஒன்பது வயதுதான் மூத்தவர், ஜனவரி முதல் தேதிப் பிறப்பு. ஒன்பது வயதுப் பிள்ளை பிரசவம் பார்த்ததா என்றார் அவர்.

பெரியம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நான் கல்யாணமாகி மூணு புள்ள பெத்த பொறவு பொறந்தவ இவ. அதை எழுதிக்கோ சாமி” என்றார். நாம் வெளியே வந்து, முதலில் பெரியம்மாவின் வயதைத் திருத்த என்னென்ன தாள் வேண்டும் என்று பட்டியல் போட ஆரம்பித்தோம்.